கண்ணாடிக் கடை டாக்டர்

நான் எதையும் லேசில் நம்ப மாட்டேன். சிகரெட்டை விடச் சொல்லி இணையத்தில் எதைப் படித்தாலும், யார் எழுதியது, அவனுக்கு என்ன லாபம் என்று துருவுவேன்.

ஒரு நாள் மூலிகை சிகரெட் பற்றிய பக்கம் ஒன்று கண்ணில் பட்டது. அதைப் பிடித்தால் நுரையீரல் சுத்தமாகுமாம். வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் ஒருவர் படத்தில் சிரித்தார். மனைவியிடம் பெருமையாகக் காட்டிவிட்டு, அந்தப் பக்கத்திலேயே ஒரு பெட்டி ஆர்டர் செய்தேன்.

மறுவாரம் இருவரும் ஆட்டோவில் செக்காலை ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். அவள் என் தோளைத் தட்டினாள்.

"அங்குட்டுப் பாருங்க, உங்க டாக்டரு!"

மூக்குக்கண்ணாடிக் கடை பிளக்ஸில் அதே முகம், அதே சிரிப்பு. யாரோ விளம்பரத்துக்குப் போஸ் கொடுத்த ஆள்.

"ரெண்டு எடத்துலயும் வேலை பாக்குறாரு போல" என்று சமாளித்தேன்.

"விடச் சொன்னா யாரு எவருன்னு ஆயிரம் கேள்வி கேக்குறீக. குடிக்கச் சொன்னா மட்டும் ஒண்ணுமே கேக்க மாட்டேங்கிறீக."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

இப்போதும் நான் எதையும் லேசில் நம்புவதில்லை. படித்ததும் மனசுக்கு இதமாக இருந்தால், அதைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன்.