எட்டுப் பேருக்குத்தான் இடம்

இரணியல் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் 'நந்தனா டிஜிட்டல்' என்று ஒரு பலகை தொங்கும். அதில் மாலையும் கழுத்துமாக ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். வெயிலில் பெண்ணின் முகம் வெளுத்துப்போய் இப்போது மூக்குத்தி மட்டும்தான் தெரிகிறது. அதை மாற்றித் தொலையுங்கள் என்று மனைவி ஜிஷா சொல்லாத நாள் இல்லை. மாற்றி வேறு எந்தப் படத்தைப் போடுவது என்பதுதான் கடைக்காரன் சிவபிரசாத்துக்கு விளங்கவில்லை. அவன் கேமராவோடு ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்து வருஷங்கள் ஆகின்றன. இப்போது அவன் தொழில் சாவு வீட்டு லைவ்.

அவனாகத் தேடிப் போன தொழில் இல்லை. கல்யாணமும் பூப்புனித நீராட்டும் மண்டைக்காட்டுக் கோயில் கொடையுமாக ஓடிக்கொண்டிருந்தவன்தான். நாகர்கோவிலில் இருந்து ட்ரோனும் நாலைந்து உதவியாளர்களுமாகப் பெரிய பெரிய குழுக்கள் வந்து இறங்கியபோது பாதிப் பிழைப்பு போயிற்று. மிச்சப் பாதியைக் கொரோனா கொண்டுபோனது. அந்தச் சமயத்தில்தான், வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு அப்பாவின் கடைசி முகத்தைக் காட்ட வேண்டும் என்று ஒரு வீட்டார் அழுது கேட்டார்கள். மடிக்கணினியையும் கேமராவையும் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிக் கொடுத்தான். அது வாய்க்கு வாய் பரவிவிட்டது. கல்ஃபிலோ பெங்களூரிலோ ஆள் இல்லாத வீடு இந்த மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? சாவுக்கும் பஞ்சமில்லை. வேலை தட்டாமல் வந்தது.

ஆனால் நேற்றுப் பிணத்தைப் படம் பிடித்த கையைத் தாலி கட்டுகிற இடத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்லவில்லை. கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். பையை மாட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பினால் எதிரில் வருகிறவன், "யாருக்குலே?" என்று கேட்பான். ஜிஷாவின் அக்காள் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் எல்லாரையும் வாய் நிறைய அழைத்துவிட்டு, வாசலில் செருப்பு போடும்போது, "கேமராவ மட்டும் கொண்டு வரண்டாம், கேட்டீளா" என்றார்கள். அவன் சிரித்துத் தலையாட்டினான். அன்றைக்கு அவனுக்கு வலித்த வலி சொல்லி முடியாது.

சாவு வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்பது அவனுக்குப் பழகிவிட்டது. யாரும் சொல்லாமல் உட்கார மாட்டான். கிளம்பும்போது போயிட்டு வாறேன் என்று சொல்ல மாட்டான். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டான். துக்கத்தில் இருக்கிறவனிடம் இல்லை என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழும்பாது. அந்த நல்ல குணம்தான் அவன் காலை வாரிவிட்டது.

போன ஐப்பசியில், வடசேரியிலிருந்து வடக்கே மலையடிவாரத்தில் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு ஊரில், அழகியநாயகி என்ற அம்மாள் இறந்துபோனாள். மகன் பத்மகுமார் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு வயலையும் கவனித்துக்கொள்கிறவர். மகள் சுஜா குவைத்தில் பள்ளிக்கூட டீச்சர். விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம், பாஸ்போர்ட் கையில் இல்லை. எவ்வளவு அழுதாலும் விமானம் ஏற முடியாது.

சிவபிரசாத் காலையிலேயே போய்விட்டான். அந்த ஊரில் எந்த ஃபோனுக்கும் டவர் கிடைக்காது. வீட்டுக்கு கேபிள் வழியாக நெட் உண்டு. ஆனால் முந்தின வாரம் விழுந்த இடியில் மோடத்தின் வைஃபை செத்துப்போய், வயரில் மட்டும் உயிர் இருந்தது. அவனுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. வயரைப் பிடுங்கி மடிக்கணினியில் செருகினான். கேமராவும் வயரில்தான் மடிக்கணினியோடு சேர்ந்திருந்தது, அதனால் லைவ் பாட்டுக்கு ஓடும். மேற்கொண்டு மடிக்கணினியில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டுத் தன் ஃபோனையும் அதில் சேர்த்துக்கொண்டான். சேர்ந்ததும் சுஜாவின் வாட்ஸ்அப் கால் வந்தது. லிங்க் கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தான்.

"அண்ணா, லைவ்ல நான் பாக்க மட்டுந்தானே முடியும்?"

"ஆமா. பாக்கலாம், கேக்கலாம்."

"எனக்கு அம்மைகிட்ட பேசணும்."

அவன் ஃபோனோடு அறை மூலைக்கு நகர்ந்தான்.

"எடுக்கதுக்கு முந்தி உங்க ஃபோன அம்மைக்க காதுகிட்ட வைங்கண்ணா. ஒரு நிமிசம் போரும். ஒண்ணு சொல்லணும், வேற யாரும் கேக்கண்டாம். பத்மண்ணன் இந்த வெப்ராளத்துல ஃபோன எடுக்க மாட்டான். உங்கள விட்டா எனக்கு ஆளில்ல." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"நான் வச்சுத் தாறேன் மக்கா. நீ கரையாத" என்றான். கூடப் பிறந்தவளிடம் சொல்வதுபோலத்தான் சொன்னான். மனசாரத்தான் சொன்னான்.

நெட் கேட்டு முதலில் வந்தவர் பூதலிங்கம். இறந்தவளின் தம்பி. பூனாவில் இருக்கும் மகனுக்குத் தகவல் போகவில்லை என்று ஃபோனை நீட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கண்ணீரைப் பார்த்துவிட்டு எப்படி முடியாது என்பது? பாஸ்வேர்டு ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் என்று சொல்லி அவனே அடித்துக்கொடுத்தான். அவருக்குக் கிடைத்ததைப் பார்த்து ஒரு மருமகள் வந்தாள். பந்தல்காரர் வந்தார். பிறகு யாரும் அவனிடம் கேட்கவே இல்லை, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். மதியம் ஆகும்போது கொல்லைப் பக்கம் ஒருவர் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கட்டும், துக்கத்திலும் மனுஷனுக்கு ஸ்கோர் தெரிய வேண்டியிருக்கிறது என்று சிவபிரசாத் நினைத்துக்கொண்டான்.

ஒரு காரியத்தை அவன் யோசிக்காமல் விட்டுவிட்டான். மடிக்கணினி தனக்கு வருகிற நெட்டைப் பிறருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். ஆனால் எட்டுப் பேருக்குத்தான். ஒன்பதாவது ஃபோன் எத்தனை தடவை முட்டினாலும் உள்ளே விடாது. அது அவனுக்குத் தெரியாத சங்கதி இல்லை. அவன் ஃபோன்தான் முதல் ஆளாக உள்ளே இருக்கிறதே என்கிற தைரியம்.

மூன்று மணிக்கு மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. விறகு நனைந்துவிடும், சீக்கிரம் எடுத்துவிடலாம் என்றார் பத்மகுமார். குளிப்பாட்டி முற்றத்துப் பந்தலுக்குக் கொண்டுவந்து கிடத்தப் போகிறார்கள். கேமராவை முற்றத்துக்கு நகர்த்த வேண்டும், அதற்கு நீளமான வயர் வேண்டும். வயர் பைக்கில் இருந்தது. பைக்கோ தெரு முனையில் நின்றது. ஹாட்ஸ்பாட் முற்றத்தைத் தாண்டாது. அவன் ஓடிப்போய் வயரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் ஃபோன் இருந்த இடத்தில் வேறொரு ஃபோன் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கேமராவைப் பந்தலில் நிறுத்தி, லைவ் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, சுஜாவைக் கூப்பிட ஃபோனை எடுத்தான். நெட் இல்லை. ஹாட்ஸ்பாட்டைத் தொட்டான், சுற்றிச் சுற்றி நின்றுபோனது. மறுபடியும் தொட்டான். அறைக்குள் ஓடிப் பார்த்தான், மடிக்கணினி திரையில் எட்டுக்கு எட்டு என்று இருந்தது.

பெண்கள் வாய்க்கரிசி போடத் தொடங்கியிருந்தார்கள். ஆண்கள் நின்ற பக்கம் போய், "யாராவது ஒருத்தரு வைஃபைய ஆஃப் பண்ணுங்க, ஒரு அத்தியாவசியம்" என்று கெஞ்சினான். எல்லாரும் தலையாட்டினார்கள். வேறு யாராவது செய்வார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். கொஞ்சம் உரக்கச் சொன்னான். சாவு வீட்டில் நெட்டுக்காகச் சத்தம் போடுகிறானே என்று ஒருவர் முகத்தைச் சுளித்தார். அழுதுகொண்டிருந்த பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

பத்மகுமாரிடம் ஓடினான்.

"அண்ணாச்சி, ஒரு அஞ்சு நிமிசம் தரணும். தங்கச்சிக்கு அம்மைகிட்ட ஏதோ பேசணுமாம். லைன் கிடைக்க மாட்டேங்கு."

பத்மகுமார் ஈர வேட்டியோடு வானத்தைப் பார்த்தார். தூக்கமில்லாத கண்கள். கெட்ட மனுஷன் இல்லை அவர்.

"மழ வருதுல்லா தம்பி. அவ லைவ்ல பாக்காளே, பின்ன என்ன?"

அவன் சோறு தின்பதே அந்த லைவில்தான். பார்த்தால் போதாதா என்று கேட்டால் போதாது என்று அவன் எப்படிச் சொல்வான்? மடிக்கணினி இருந்த அறைக்கு ஓடினான். பாஸ்வேர்டை மாற்றினால் எட்டுப் பேரும் வெளியே விழுவார்கள், தன் ஃபோனை முதலில் சேர்த்துவிடலாம். கேட்டுக்கொண்டு நிற்காமல் இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். வாய் வந்ததே தவிர, கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கக் கை வரவில்லை. லைவின் பாரத்தில் மடிக்கணினி திணறிக்கொண்டிருந்தது. அம்புக்குறி நகர்ந்தது, நின்றது. புதுப் பாஸ்வேர்டை அடித்து முடிக்கும்போது ஹாட்ஸ்பாட்டே அணைந்துபோனது. மறுபடி திறக்கும் முன்னால் வெளியே சங்கு ஊதிவிட்டார்கள்.

நெட் செத்த ஃபோனைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடி வந்தான். தூக்கிவிட்டார்கள். அழகியநாயகியின் காது அவனுக்கு எட்டுகிற தூரத்தில்தான் கடந்து போனது. என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தால் அவனே குனிந்து சொல்லியிருப்பான். வேறு யாரும் கேட்க வேண்டாம் என்றல்லவா சுஜா சொல்லியிருந்தாள்.

கேமரா அத்தனையையும் காட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் காதருகே யாரும் ஃபோனை வைக்கவில்லை என்பதைச் சுஜா குவைத்தில் உட்கார்ந்து தெளிவாகப் பார்த்திருப்பாள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்த பூதலிங்கம் அவன் தோளில் கை வைத்தார்.

"தம்பி, ஒரு இடத்துலயும் நிக்கல்லியாம். நல்ல கிளியராட்டு இருந்துன்னு, சுடுகாட்டுப் பக்கம் டவர் கிடைச்சப்பம் பூனாக்காரன் சொன்னான்."

சிவபிரசாத் வயரைச் சுருட்டிக்கொண்டே தலையாட்டினான். போயிட்டு வாறேன் என்று சொல்லாமல் கிளம்பினான். சாவு வீட்டில் அது வழக்கம் என்பது அன்றைக்கு அவனுக்குப் பெரிய உபகாரமாக இருந்தது. வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பான்.

மழை தூறத் தொடங்கியது. வயல் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும் சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. ஒரு டீக்கடை ஓரமாக பைக்கை நிறுத்தி எடுத்துப் பார்த்தான். சுஜாவிடமிருந்து இரண்டு செய்திகள். அவன் நெட் இல்லாமல் அலைந்த நேரத்தில் அனுப்பியவை, டவர் கிடைத்ததும் இப்போதுதான் வந்து சேர்ந்தன. ஒன்று எழுத்து. அதற்குக் கீழே ஒரு குரல் செய்தி.

அதைத் திறக்க அவனுக்குத் துணிவு வரவில்லை. கேட்கிற உரிமை அவனுக்கு இல்லை, கேட்க வேண்டியவள் எரிந்துகொண்டிருந்தாள். திரும்பிப் போய்ச் சிதைப் பக்கத்தில் நின்று போட்டுக் கேட்க வைத்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. பைக்கைத் திருப்பக்கூடச் செய்தான். மன்னிச்சிரு மக்கா என்று அடித்தான், அழித்தான். மறுபடி அடித்தான்.

அவன் ஃபோனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததை அங்கே அவளும் பார்த்திருக்க வேண்டும். அம்மாவை எடுத்து இவ்வளவு நேரத்துக்குப் பிறகு போய்ச் சேர்ந்ததை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குரல் செய்தி மறைந்தது. அந்த இடத்தில், 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வந்தது.

அவள் அம்மாவிடம் என்ன சொல்ல நினைத்தாள் என்பது அவளைத் தவிர இனி யாருக்கும் தெரியாது. அவன் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. எழுத்தை மட்டும் அவள் அழிக்கவில்லை. அவனும் அழிக்கவில்லை. வேறொரு சாவு வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் ஃபோனில் அது கண்ணில் படுகிறது.

"அண்ணா, கால் போகமாட்டேங்கு. எடுக்கதுக்கு முந்தி இத அம்மைக்க காதுல வைங்க."