மருந்தடிப்பவரின் செல்கள்

குன்னூரில் என் ஆய்வுக்கு ரத்தம் தந்தவர்களில் அவரும் ஒருவர். எஸ்டேட்டில் பூச்சிமருந்து அடிப்பவர். டேங்க் சுமந்து இடத்தோள் சற்று இறங்கியிருக்கும். எதையும் தொடும்முன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

"மருந்து என் ரத்தத்தைக் கெடுத்திருச்சுங்களா, அம்மணி?" என்று கேட்டு வந்தார்.

என் சோதனை அதைச் சொல்லாது என்றேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். என் வேலையைக் காட்டாமல் அனுப்ப மனமில்லை. மைக்ரோஸ்கோப்பில் அவருடைய செல்களைக் காட்டினேன். சோதனைக்காக நான் வேண்டுமென்றே டிஎன்ஏவை உடைத்த செல்களில், உடைந்த துண்டுகள் வால்நட்சத்திரத்தின் வால்போல நீண்டிருந்தன. அதேபோல் உடைத்து, தேயிலையிலிருந்து பிரித்த பொருளோடு சிறிது நேரம் வைத்தவற்றில், உடைந்தது ஒட்டியிருந்ததால் வால் குறைந்திருந்தது.

"இலையா ஒட்ட வெக்குது?"

"செல்லே ஒட்டிக்குதுங்க. இலை கூடமாட ஒத்தாசை பண்ணுது."

"எங்க மேஸ்திரி கேட்டா, டீ குடிச்சாப் போதும்பாரு."

"போதாதுங்க. இது கண்ணாடித் தட்டுல நடந்தது."

"ஆனா ஒட்டற வேலை எனக்குள்ளயும் நடக்குதுங்களா? தூங்கறப்பவும்?"

"எப்பவும்ங்க."

நெடுநேரம் அவர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரும் சொல்லாமயே உள்ள இத்தனை பாடு. நான் வெறும் மூஞ்சியோட மருந்தடிக்கறேன். நாளைக்கு மாஸ்க் குடுக்காம டேங்கைத் தூக்க மாட்டேனுங்க" என்றார்.

அவர் போன பிறகு, வால்களை அளக்க உட்கார்ந்த நான், அளக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.