வாய்க்காலில் நின்று கியர் ஆயில் மாற்றிய நாள்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை காலை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், எங்கள் தெருக்கோடி வாய்க்காலுக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேலே எங்கள் கார். கையில் ஸ்பேனர். சேலையை இழுத்துச் செருகியிருந்த அந்தக் கோலத்தை என் மாணவிகள் பார்த்திருந்தால் டீச்சர் மரியாதை அன்றோடு காலி!

முதலில் கார் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் கணவருக்கு மதுரைக்கு மாற்றல் ஆகிவிட்டது. வாரக் கடைசியில்தான் வருவார். அவர் ஆசையாக வாங்கிய பழைய கார் வாசலில் சும்மா நின்றது. எனக்கோ நாங்குநேரி தாண்டி ஒரு பள்ளியில் வேலை. இரண்டு பஸ் மாறி, மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சேர்ந்தால் பிரேயர் முடிந்திருக்கும். 'நானே ஓட்டிக்கொண்டு போனால் என்ன?' என்று கேட்டேன். அவரும் சந்தோஷமாகவே சொல்லிக்கொடுத்தார். எல்லாம் வந்தது, இரண்டாவது கியரைத் தவிர. ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கம்பியை நான் இழுத்தால் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். தெருவே திரும்பிப் பார்க்கும். அவர் போட்டால் மட்டும் ஒரே வெட்டில் விழுந்துவிடும்.

"ஏளா, ஒனக்குக் கை வரல" என்றார்.

லைசென்ஸ் டெஸ்டிலும் அதே 'கர்ர்ர்'. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரேக் இன்ஸ்பெக்டர், "ஏம்மா, மாவு அரைக்கவா வந்திய?" என்று இறக்கிவிட்டுவிட்டார். காத்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த டெஸ்டிலும் தேறாவிட்டால் காரைக் கொடுத்துவிடலாம் என்று கணவர் முடிவுகட்டிவிட்டார். வாங்குவதற்கு ஆளும் வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று. டெஸ்ட் திங்கட்கிழமை.

பக்கத்து வீட்டில் ஒரு லாத்தா இருந்தார். அவர்கள் வீட்டு வழக்கில் லாத்தா என்றால் அக்கா. தெருவில் எல்லோருக்குமே அவர் லாத்தாதான். அவர் கணவர் சவுதியில் கார் மெக்கானிக். நான் கியரோடு மல்லுக்கட்டுவதைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக் கேட்டு அவருக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் வந்து, "டீச்சர், கியர் பெட்டிக்குன்னு தனி எண்ணெய் உண்டும்னு எங்க வீட்ல அவிய சொல்லுவாவ. அத எப்பம் மாத்துனிய?" என்று கேட்டார்.

எனக்கு இஞ்சின் ஆயில் தெரியும். கியருக்கென்று தனியாக ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். அந்த வாரம் வேலை இருந்ததால் மதுரையிலேயே தங்கிவிட்ட கணவருக்குப் போன் போட்டேன். "அத யாரு தொட்டா? வண்டியில ஒண்ணுமில்ல, ஒங் கையிலதான் இருக்கு" என்றார். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. நேரே கடைக்குப் போய் தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில் வாங்கிவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப் எதுவும் கிடையாது. லாத்தா தன் கணவரின் ஸ்பேனர் பெட்டியோடு வந்தார். கணவர் லீவில் வரும்போது செய்வதை லாத்தா பார்த்திருக்கிறாராம்: கீழ் மூடியைக் கழற்றினால் பழசு வடிந்துவிடும், பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் புதுசை ஊற்ற வேண்டும். அவ்வளவுதானே! காருக்கு அடியில் நிற்க ஒரு குழி வேண்டும். அதற்குத்தான் வாய்க்கால். வண்டி கடப்பதற்காக அதன் மேல் இரண்டு நீளமான கற்களைப் போட்டிருந்தார்கள், நடுவில் இடைவெளி. கோடைக்கு அடைத்த வாய்க்கால் காய்ந்து கிடந்தது. காரை முதல் கியரிலேயே உருட்டிக் கல்மேல் நிறுத்தி, சக்கரங்களுக்கு அண்டைக்கல் கொடுத்துவிட்டு உள்ளே இறங்கினேன்.

கீழ் மூடி எளிதாகக் கழன்றது. பழைய இட்லிக் கொப்பரையைப் பிடித்தோம். வந்தது எண்ணெயா அது? கருப்பட்டிப் பாகு மாதிரி, இரும்புப் பொடி மினுமினுக்க, கொழகொழவென்று இறங்கியது. எனக்கு ஒரே குதூகலம். "பாத்தியளா லாத்தா, எங் கையில ஒண்ணுமில்ல!" என்று கத்தினேன். முழுக்க வடியவிட்டு மூடியைத் திரும்ப முடுக்கினேன். அடுத்தது பக்கவாட்டு மூடி.

அது அசையவில்லை. நான் தொங்கினேன், லாத்தா தொங்கினார். ஸ்பேனர் வழுக்கியதுதான் மிச்சம். மூடியின் முனை மழுங்கிவிட்டால் பிறகு யாராலும் திறக்க முடியாது. அப்போதுதான் உறைத்தது: இந்த மூடி திறக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டல்லவா பழைய எண்ணெயைக் கொட்டியிருக்க வேண்டும்! இப்போது பெட்டி காலி. இந்த நிலையில் காரை ஓட்டினால் பல் சக்கரமெல்லாம் நொறுங்கிவிடும். டெஸ்டும் போச்சு, காரும் போச்சு.

அந்த நேரம் பார்த்து முக்குக் கடை அண்ணாச்சி ஓடி வந்தார். "யம்மா டீச்சரு, மேல ஏறுங்க! தண்ணி தொறந்துட்டாவ, வந்துக்கிட்டு இருக்கு!"

எட்டிப் பார்த்தேன். தூரத்தில் சருகும் குப்பையும் தள்ளிக்கொண்டு, நுரை கட்டிப் புதுத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. லாத்தா செய்த முதல் காரியம், எண்ணெய்க் கொப்பரையைத் தூக்கிக் கரையில் வைத்ததுதான். "வயலுக்குப் போற தண்ணி டீச்சர், இதக் கலந்தா நம்மள சும்மா விடுவாவளா?" என்றார். தண்ணீர் என் கணுக்காலைத் தொட்டது. ஆற்றுத் தண்ணீர், அப்படி ஒரு சில்லிப்பு! அந்தச் சில்லிப்பில்தான் மூளைக்குள் பளிச்சென்றது.

ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட எவர்சில்வர் டம்ளர்களை என்ன செய்வோம்? வெளி டம்ளரை வெந்நீரில் வைத்து உள் டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவோம். "லாத்தா, வெந்நி! கொதிக்கக் கொதிக்க வெந்நி வேணும்!"

அவர் ஓடினார். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. கரையில் பாதித் தெரு கூடிவிட்டது. அண்ணாச்சி, "எம்மா, காருக்குக் குளியலா?" என்றார். லாத்தா கொண்டுவந்த கெட்டில் வெந்நீரை மூடியைச் சுற்றி, பெட்டியின் உடம்பில் மட்டும் ஊற்றினேன். வாய்க்கால் தண்ணீரில் துணியை நனைத்து நனைத்து மூடியின் மேல் வைத்தேன். ஸ்பேனரைப் போட்டு, முருகா என்று ஒரு இழு.

'டக்.'

நான் போட்ட கூச்சலில் அண்ணாச்சி பயந்தே போனார்! பானெட்டைத் திறந்து, மேலிருந்து லாத்தா புனலும் ரப்பர் குழாயும் வைத்து ஊற்ற, துவாரத்தில் எண்ணெய் எட்டிப் பார்த்ததும் மூடியை முடுக்கினேன். கரையேறும்போது தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது.

திங்கட்கிழமை காலை மதுரையிலிருந்து வந்த கணவர், டெஸ்ட் மைதானம் வரை தானே ஓட்டுவதாகச் சொன்னார். சாவியை நீட்டிவிட்டுப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டாவது கியருக்கு வழக்கம்போலத் தோளைத் தூக்கி ஒரு வெட்டு வெட்டினார் பாருங்கள்! கியர் தானாக வழுக்கி விழுந்தது. அவர் நிலைதடுமாறி முழங்கையால் ஹாரனை அடித்துவிட்டார். எதிரே வந்த பால்காரர் மிரண்டு சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்.

"என்னளா செஞ்ச?"

"கையில ஒண்ணும் செய்யல. பெட்டியிலதான்."

மைதானத்தில் அதே இன்ஸ்பெக்டர். ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமே இல்லாமல் மாற்றினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "மாவு அரைச்சு முடிச்சாச்சோ?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வரும் வழியில் லாத்தாவுக்கு அல்வா வாங்கினோம். காசு கொடுத்தது கணவர்தான்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். எண்ணெய் கெடக் கெட, அவர் கை அதற்குத் தக்கபடி முரட்டுத்தனம் பழகியிருந்தது. அதைத் திறமை என்று அவர் நம்பினார். பாவம், நானும் நம்பினேன். அந்தக் காரும் போய் எத்தனையோ காலமாகிறது. ஆனாலும் இன்றுவரை, "இவளுக்கு வராது" என்று யாரைப் பற்றிச் சொன்னாலும், அவள் கையைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டிக்குள் எண்ணெய் எப்படி இருக்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன். அதுவும், ஊற்றுகிற மூடி திறக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான்.