தேய்க்காத எண்ணெய்

கொழும்பு புறக்கோட்டையில் எனக்குச் சவரம் செய்யும் சிங்களக்காரர், சோப்பு போடுமுன் என் நெற்றியை ஒரு துணியால் அழுத்தித் துடைப்பார். "தெல் வெடி, மாத்தயா" என்பார், எண்ணெய் அதிகமாம். தமிழன் தலையில் வைத்தது முகத்துக்கு இறங்கிவிட்டதென்று அவருடைய தீர்ப்பு. நான் எண்ணெயைத் தொட்டே மாதக்கணக்காகிறது. இது தானே ஊறுவது. என் இடது கையை ஆட்டிவைக்கும் நடுக்குவாதம் கூடவே கொடுத்த இனாம். இதை விளக்க என் சிங்களம் போதாது. சிரித்துவைப்பேன். அந்தச் சிரிப்பும் இப்போதெல்லாம் முகத்துக்கு வந்துசேரத் தாமதமாகிறது.

போன வருடம் விடுமுறைக்குச் சொந்த ஊரான உப்பூர் போனபோது இந்த விஷயம் எனக்கும் தெரியாது. புருவத்திலும் மூக்கோரத்திலும் வெள்ளைச் செதிள் உதிர்ந்தது. எங்கள் பக்கத்தில் வெடித்த வயலுக்குத் தண்ணீர், வெடித்த தோலுக்கு நல்லெண்ணெய். மூன்றாவது வைத்தியம் கிடையாது. சிலோன் தண்ணீர் தோலை வறட்டிவிட்டது என்று என் மனைவி பாக்கியம், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை அன்றாடக் குளியலாக்கினாள். முகம் வெண்கலமாய் மினுங்கியது. செதிளோ பெருகி, சிவந்து, அரித்தது.

சிலோனுக்குத் திரும்புகிறவர்களை மண்டபம் முகாமில் டாக்டர் பார்த்த பிறகே கப்பலுக்கு விடுவார்கள். தொத்துநோய் என்று பட்டால் அங்கேயே நிறுத்தம். கொழும்புத் துணிக்கடையில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். கை நடுங்குகிறவனை எந்த முதலாளி புதிதாகச் சேர்ப்பார்? பாக்கியத்துக்கோ நான் நின்றுபோக வேண்டுமென்றுதான் ஆசை.

"நிப்பாட்டட்டுமே. இங்கன இருந்து நடுங்குங்க, நான் பாத்துக்கிறேன்" என்று இன்னொரு கை எண்ணெய் வைத்தாள்.

வழியனுப்ப வந்தவள் முகாமுக்கு வெளியே நின்றாள். உள்ளே டாக்டர் என் புருவத்தைச் சுரண்டிப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். இடது கை தன்பாட்டுக்கு இல்லாத புளியங்கொட்டையை உருட்டியது.

"ரெண்டும் ஒரே சீக்குதான்யா. யாருக்கும் தொத்தாது. மொதல்ல அந்த எண்ணெய நிறுத்து" என்றார்.

வெளியே வந்து சொன்னேன். பாக்கியம் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"அப்ப நான் ஊத்துனதெல்லாம் ஒங்க சீக்குக்குத் தீனியாவுல போயிருக்கு."

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது, அழுகை அப்புறம். கப்பல்துறைக்குப் போகும் ரயில் வருவதற்குள் கடைத்தெருவில் பாசிப்பயற்று மாவு வாங்கி என் பெட்டியில் திணித்தாள். போகாதீர்கள் என்று அதற்குமேல் சொல்லவில்லை.

அந்த மாவைத்தான் இங்கே தேய்த்துக் குளிக்கிறேன். அரிப்பு அடங்கியிருக்கிறது, உதிர்வது நிற்கவில்லை. உப்பூர்த் தலையணையைப் பாக்கியம் இன்னும் உதறியிருக்க மாட்டாள். என்னில் பாதி அதில் கிடக்கிறது. மீதி, கொழும்புக் குழாயடியில் மாவோடு கரைந்து, சாக்கடை வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.