காலை வண்டிக்குப் போன பால்

எங்கள் ஊருக்கு ரயில் வந்த அன்று ஸ்டேஷனில் வாழைமரம் கட்டினார்கள். இஞ்சினுக்கு மாலை போட்டுச் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். அந்தத் தேங்காயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

உசிலம்பட்டிப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் அதுவரை யாரும் பாலை விற்றதில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்கு, மாடு வைத்திருக்கிறவர்கள் கேட்காமலே கொண்டுவந்து ஊற்றுவார்கள். ரயில் வந்த கையோடு மதுரையிலிருந்து ஒரு ஏஜெண்டும் வந்தார். அங்கே காப்பி கிளப்புகளுக்குப் பால் போதவில்லையாம். வீட்டுக்கு வீடு தகரக் கேன் கொடுத்தார். கொஞ்ச நாளில் ஊர்ப்பால் முழுக்கக் காலை வண்டியில் ஏறியது. மதுரைக்காரன் நுரை தளும்ப ஆற்றிக் குடித்தான். எங்களுக்குச் சாணி மிஞ்சியது.

அந்தச் சமயத்தில்தான் தம்பி பிறந்தான். பிள்ளை பெற்ற காய்ச்சலில் அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. பக்கத்து வீட்டு அத்தையிடம் எருமைகள் இருந்தன. நான் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு ஊற்றியதும் அவள் வீட்டுப் பால்தான். அந்தத் தைரியத்தில் செம்பைத் தூக்கிக்கொண்டு போனேன். கேன் கழுத்துவரை நிறைந்திருந்தது.

"அளவு குறைஞ்சா ஏஜெண்டு அம்புட்டையும் திருப்பி விட்டுருவாரு தாயி. சாயங்காலம் வா, பாப்போம்" என்றாள்.

சாயங்காலம் அரை டம்ளர் கிடைத்தது. அதிலும் பாதி தண்ணீர். மற்ற வீடுகளில் அதுவும் இல்லை. கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டித் துணியில் நனைத்துப் புகட்டினோம். துப்பினான். பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். ஆடி முடிவதற்குள் அவனைப் புதைத்தோம். வைத்தியர் மாந்தம் என்றார். நான் ரயில் என்பேன்.

அத்தை வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழத்தான் செய்தாள். காலை வண்டி ஊதியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேனைத் தூக்கப் போனாள். அடுத்த வருஷம் அவள் கூரை வீடு ஓட்டு வீடாயிற்று.

பிறகு உலகச் சண்டைக் காலத்தில், இரும்பு வேண்டுமென்று சர்க்காரே தண்டவாளத்தைப் பெயர்த்தது. ஊரே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பார்த்து நின்றது. எனக்கு அன்று தீபாவளி. போக வழியில்லாமல் கேன்களில் பால் புளித்தது.

மறுநாள் அத்தை செம்பு நிறையப் பாலோடு எங்கள் வாசலில் நின்றாள்.

"வீணாப் போகுது மதினி, வாங்கிக்கங்க."

அம்மா செம்பைத் தொடவில்லை.

"காலை வண்டிக்கு நேரமாச்சே மதினி. கொண்டுபோயி ஏத்துங்க" என்றாள்.