சந்தேகச் சீட்டுகள்

பூவின் இதழ்கள் தனித்தனியாக இருந்தால் முதல் அலமாரி. ஒட்டியிருந்தால் இரண்டாவது. இதழே இல்லையென்றால், உறவு கிறவு எதுவும் பார்க்காமல் மூன்றாவதில் தள்ளு. செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிக் காக்கும் அந்தக் கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அப்படித்தான் இருந்தது. உலகமே கைகழுவிய அந்த முறை, அங்கே மட்டும் இருபத்திரண்டு வருடம் அசையவில்லை. காப்பாளர் அவள்தான். எல்லோரும் அவளை 'அலமாரி' என்றே கூப்பிட்டார்கள்.

அந்த முறையை அவள் நம்பினாள் என்று யாராவது நினைத்தால் அது மடத்தனம். ஒரு செடி தப்பான உறவுக்காரர்களோடு கிடப்பதாகத் தோன்றினால், தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய சந்தேகச் சீட்டு ஒன்றைச் செருகுவாள். எந்தக் குடும்பத்துக்குப் போகவேண்டும் என்பது மட்டும் அதில் இருக்கும். காரணம் அவள் மனதில். ஓய்வு பெறுவதற்குள் கூடத்தைத் தன் கையாலேயே மாற்றி அடுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அதை ஒருவனிடம் மட்டும் சொன்னாள். ஆய்வுப் பிரிவில் அவளோடு ஒரே நாளில் சேர்ந்தவன். தினமும் மதியம் அவள் டப்பாவில் பாதியைக் காலி செய்பவன்.

"குடு அலமாரி, நான் டைப் பண்ணித் தரேன். இயக்குநர்கிட்ட உன் பேர்லயே வைப்போம்," என்றான்.

வாயெல்லாம் பல்லாக, சீட்டுகளின் நகலை அள்ளிக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்து அறிவிப்புப் பலகையில் ஆணை வந்தது. மாற்றி அடுக்கும் திட்டத்துக்குத் தலைவர் அவன். முந்நூற்றுப் பன்னிரண்டு திருத்தங்களும் அவன் கண்டுபிடிப்பு. காப்பாளர் பழைய முறையிலேயே ஊறிப்போனவர் என்பதால் பார்வையாளர் பதிவேட்டுக்கு மாற்றப்படுகிறார். கூடவே இருந்து குழி பறித்திருக்கிறான், பாவி! முகம் தெரியாத எவனாவது செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். இவனை என்ன சொல்லித் திட்டுவது என்றே தெரியவில்லை.

அடுத்த வாரம் அவனே அவள் மேசைக்கு வந்தான். கையில் கீரைக் குடும்பத்துச் செடி ஒட்டிய தாள்கள்.

"இத எதுக்குக் கார்னேஷன் பூச்செடி பக்கத்துல வைக்கணும்? நாளைக்கு நிபுணர் குழு கேக்கும்... மேடம்."

இத்தனை வருடத்தில் முதல் மேடம். 'போடா வெளியே' என்று வாய் வரை வந்துவிட்டது. ஆனால் பதில் சொல்லாவிட்டால் அந்தச் செடி மறுபடி மூன்றாவது அலமாரிக்கே போய்விடும்.

"ரெண்டோட விதையையும் வெட்டிப் பாரு. உள்ள கரு ஒரே மாதிரி வளைஞ்சு கெடக்கும். இதழ் இல்லையேன்னு பாத்து ஏமாந்துட்டாங்க."

அவன் நின்றபடியே எழுதிக்கொண்டான். அவள் அடுத்த தாளுக்கும், அதற்கடுத்ததற்கும் காரணம் சொல்லிக்கொண்டே போனாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அவன் தலை நிமிரவில்லை.

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, மேடம்," என்றான்.