மிக்சருக்கு முன்னால் ஒரு நாற்காலி

எங்கள் தெருவில் ஒரு செருப்பு தொலைந்தால் அது மூன்று மொழிகளில் தொலையும். மாநில எல்லையோரம் இருக்கிற எங்கள் பாகலூரில் விநாயகர் சதுர்த்திக்குப் பந்தல் போட்டுவிட்டால், எந்த அறிவிப்பையும் முதலில் தமிழில், அப்புறம் கன்னடத்தில், கடைசியாகத் தெலுங்கில் சொல்லியே ஆக வேண்டும். ஒரு மொழியை விட்டால் அந்த வீட்டுக்காரர்கள் அடுத்த சதுர்த்தி வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். மூன்றையும் சலிக்காமல் சொல்கிறவர் என் மாமா. அம்மாவின் தம்பி. கம்பெனியில் ஷிப்ட் முடிந்தால் நேராக மைக்தான்.

நான் நாலாவது படிக்கும்போது அவர் மைக் செட்டுக்கு ஒரு சின்ன சவுண்ட் மிக்சர் வாங்கி வந்தார். தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் சைஸ். மேலே முழுக்கக் குமிழ்கள். நாலு மைக் செருகலாம், ஒவ்வொரு மைக்குக்கும் சத்தம் ஏற்றி இறக்கத் தனிக் குமிழ், எல்லை மீறிக் கத்தினால் எரிய ஒரு குட்டிச் சிவப்பு லைட். பார்த்த உடனே அது எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். மாமா அதை நேராகக் கொண்டுபோய் என் அக்காவின் மடியில் வைத்தார்.

வயிறு எரிந்தது. சும்மா இல்லை, ஜெலுசில் குடித்தாலும் அடங்காத எரிச்சல்.

அவள் எட்டாவது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிற ஜாதி. எல்லாக் குமிழையும் பூஜ்ஜியத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் ஒயர் செருகுவாள். முதலில் மிக்சரை ஆன் செய்வாள், ஸ்பீக்கர் பாக்ஸ்களுக்குக் கடைசியில்தான் கரண்ட். மாற்றிச் செய்தால் பாக்ஸ் 'டொம்' என்று அதிரும். மாமாவே அடிக்கடி மறந்து அதிர வைப்பார், அவள் ஒரு நாளும் மறந்ததில்லை. தலையை விடப் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்தால், தெருப் பெண்கள் பொறுப்பு பொறுப்பு என்று உருகினார்கள். எனக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம், அந்த நாற்காலி மட்டும் வேண்டும். தொட்டாலே கையைத் தட்டிவிடுவாள்.

சதுர்த்திப் பந்தலில் மூன்றாம் நாள் சாயங்காலம் சின்னப் பிள்ளைகள் பாடுகிற நிகழ்ச்சி. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். நான் பாடுகிற பாட்டில் மாமா அசந்துபோய், 'இவளுக்கல்லவா மிக்சரைக் கொடுத்திருக்க வேண்டும்' என்று வருந்துவார். இதுதான் என் திட்டம். பாட்டுக்கும் மிக்சருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்.

பாக்ஸ் இரண்டும் தெருவைப் பார்த்து இருந்தன. மேடையில் நிற்கிறவளுக்குப் பின்னால் ஓடுகிற ஜெனரேட்டர் மட்டும்தான் கேட்கும், தன் குரல் கேட்காது. இப்போது காலேஜ் கல்ச்சுரல்ஸில் மேடை ஏறினால் எனக்கென்று ஒரு பாக்ஸ் என் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லி உயிரை வாங்குகிறேன். அன்றைக்கு இது யாருக்குத் தெரியும்? சத்தமே வரவில்லை என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். அக்காவின் கை குமிழை இடது பக்கம் திருப்பியது. கண்ணால் பார்த்தேன். இன்னும் உயர்த்தினேன். இன்னும் திருப்பினாள். உள்ளங்கையைக் கீழே அமுக்கி அமுக்கிச் சைகை வேறு காட்டினாள். வாயை மூடு என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாம் சரணத்தில் பிள்ளையாரை நான் பாடவில்லை, திட்டிக்கொண்டிருந்தேன். முன்வரிசை ஆட்கள் ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்ததெல்லாம் என் கண்ணில் படவே இல்லை.

தொண்டை கட்டிப்போய் பாட்டை நிறுத்தினேன். அழுகை வருகிற மாதிரி, சின்னக் குரலில் மைக்கில் சொன்னேன்:

"மாமா, இவ வேணும்னே என் சவுண்ட கொறைக்கிறா. நான் நல்லா பாடறது இவளுக்குப் பொறுக்கல."

தெருக்கோடி டீக்கடையில் சிரித்தார்கள். எதிர்வீட்டுக் கன்னட ஆன்ட்டி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ, "பாப்பா, இதையும் கன்னடத்துல ஒருக்கா, தெலுங்குல ஒருக்கா சொல்லிடு" என்றதும் பந்தலே குலுங்கியது.

மாமாவுக்கு மானம் போய்விட்டது. விறுவிறுவென்று அக்காவிடம் போனார்.

"சின்னப் புள்ளகூட என்னாம்மா போட்டி உனக்கு? எந்திரி."

"கொறைச்சேன் மாமா, ஆனா அவ..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

நாற்காலி எனக்கு வந்தது. மாமா பக்கத்தில் குனிந்து, கத்தினால் இறக்கு, மெதுவாகப் பேசினால் ஏற்று, லைட்டைப் பார்த்துக்கொள், வேறு ஒன்றும் கிடையாது என்றார். நான் என் மைக்கின் குமிழைத் தேடிப் பார்த்தேன். இடது ஓரத்தில் அமுங்கிக் கிடக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். அது வலது பக்கம் கடைசி வரை ஏறி இருந்தது. மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததும் அவசரமாக ஏற்றி வைத்திருக்கிறாள், திருடி என்று நினைத்துக்கொண்டேன்.

நான் புகார் சொன்ன அந்தச் சின்னக் குரல், அந்த ஜெனரேட்டர் இரைச்சலில், இறக்கி வைத்த குமிழோடு முன்வரிசையைக்கூடத் தாண்டியிருக்காது. என் குரல் தாழ்ந்ததும் அவள் கை தானாக மேலே போயிருக்கிறது. அவள்மேல் நான் சொன்ன புகாரை ஒரு எழுத்து விடாமல் டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவள்தான். இதெல்லாம் தெரியாமல், கழுத்துக்கு நழுவுகிற ஹெட்போனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அடுத்து யாருடைய சத்தத்தைக் குறைக்கலாம் என்று நான் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.